பந்தா: ஒரு சொல்லும் அதன் சுற்றமும்

"பெரிய ஆள்தான், ஆனா கொஞ்சம்கூட பந்தா கிடையாது." ஒரு நடிகரையோ மருத்துவரையோ மாவட்ட ஆட்சியரையோ நேரில் பார்த்துவிட்டு வந்தவர் இப்படிச் சொன்னால், அதற்கு மேல் ஒரு பாராட்டைத் தமிழ்நாட்டில் தேட வேண்டியதில்லை. அவருடைய திறமையை இந்த வாக்கியம் பேசவில்லை, கொடையையும் பேசவில்லை. ஒரு குணம் அவரிடம் இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. இல்லாமையே பாராட்டாகும் அளவுக்கு அந்தக் குணம் பரவிக் கிடக்கிறது என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

பந்தா, ஜம்பம், டாம்பீகம், படாடோபம், பகட்டு, பவிசு, ஆடம்பரம், உதார், அலட்டல், அலப்பறை, சவடால், வீறாப்பு, ராங்கி, கெத்து, சீன், பில்டப். தன்னைப் பெரிதாக எண்ணி அதை ஊருக்குக் காட்டிக்கொள்ளும் நடத்தைக்குத் தமிழில் இத்தனை சொற்கள் புழங்குகின்றன. அகராதியில் இவற்றைத் தேடினால் ஒன்றுக்கு மற்றொன்றே பொருளாகத் தரப்பட்டிருக்கும். பேச்சிலோ ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காருவதில்லை. இவற்றின் பொருள் எங்கே கூடுகிறது, எங்கே பிரிகிறது, யாரை நோக்கி யார் இவற்றைச் சொல்கிறார்கள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்வதும் காட்டுவதும்

இந்தச் சொற்களை வகைப்படுத்த, அவை எந்த வினையோடு சேர்கின்றன என்று பார்ப்பதே நல்ல வழி. கர்வம் 'கொள்கிறோம்'. திமிர் 'பிடிக்கிறது'. தலைக்கனம் 'ஏறுகிறது'. அகங்காரம் 'மண்டுகிறது'. இவை எல்லாம் ஒருவரின் உள்ளே நேர்பவை. ஜம்பம் 'அடிக்கிறோம்'. பந்தா 'காட்டுகிறோம்' அல்லது 'பண்ணுகிறோம்'. உதார் 'விடுகிறோம்'. சீன் 'போடுகிறோம்'. இவை பிறர் முன்னே செய்பவை. பிந்திய வகைக்குப் பார்வையாளர் தேவை. தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் கர்வத்தோடு இருக்கலாம். அதே அறையில் அவரால் பந்தா காட்ட முடியாது.

நுட்பமான இன்னொரு வேறுபாடும் உண்டு. 'திமிரைக் காட்டினான்' என்று சொல்கிறோம். அங்கே இரண்டாம் வேற்றுமை உருபு இயல்பாக வந்து நிற்கிறது. உள்ளே ஏற்கெனவே இருந்த ஒன்று வெளியே வந்தது என்பது பொருள். 'பந்தா காட்டினான்' என்னும்போது உருபு வேண்டியிருப்பதில்லை. காட்டுவதற்கு முன்னால் பந்தா என்று தனியாக ஒன்று இல்லை. காட்டுவதுதான் பந்தா.

அடைமொழிகளும் இதையே உறுதி செய்கின்றன. வீண் ஜம்பம், வெட்டிப் பந்தா, வெற்று ஆரவாரம், வாய்ச்சவடால், போலிக் கௌரவம், வறட்டுக் கௌரவம். வீண், வெட்டி, வெற்று, போலி, வறட்டு என்ற இந்த முன்னொட்டுகள் அனைத்தும் உள்ளே ஒன்றும் இல்லை என்பதையே சொல்கின்றன. கர்வத்துக்கு 'வெற்று' என்ற அடை அவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்லை. கர்வம் கொண்டவரிடம் கர்வப்பட ஏதோ ஒன்று இருக்கக்கூடும் என்று மொழி இடம் கொடுக்கிறது. ஜம்பக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

உடல், ஒலி, ஒளி

சொற்களின் வேரைத் தேடினாலும் இதே பிரிவினை தெரிகிறது. உள்நிலையைச் சொல்பவை பெரும்பாலும் உடம்பிலிருந்து பிறந்தவை. திமிர் என்பது மரத்துப்போதல். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் திமிர்த்துப்போகிறது. உணர்ச்சியற்றுப்போன உறுப்புக்குச் சொன்னதைப் பிறர் துன்பம் உறைக்காத மனத்துக்கும் சொன்னார்கள். கொழுப்பும் தலைக்கனமும் மண்டைக்கனமும் விளக்கம் வேண்டாதவை. செருக்குக்குக் கள்ளுண்ட மயக்கம் என்ற பொருளும் உண்டு. தன்னைப் பற்றிய எண்ணமே போதையாகிவிட்ட நிலை அது. ஆணவம் என்ற சொல்லுக்குச் சைவ சித்தாந்தம் தரும் விளக்கம் ஆழமானது. அணு என்பதன் அடியாகப் பிறந்த சொல் அது. எங்கும் பரவக்கூடிய உயிரைச் சுருக்கி அணுவளவாக்கிவிடுவதால், உயிரைப் பற்றிய மாசாகிய அந்த மலத்துக்கு ஆணவம் என்று பெயர். தன்னைப் பெரிதாக நினைப்பதற்குரிய சொல்லே சிறுமையை வேராகக் கொண்டிருக்கிறது.

வெளிக்காட்டலைச் சொல்பவை ஒலியிலிருந்தும் ஒளியிலிருந்தும் வந்தவை. ஆடம்பரம் என்ற வடசொல் முதலில் ஒரு பெரிய முரசையும் அதன் முழக்கத்தையும் குறித்தது. தம்பட்டம் தோற்கருவி. ஆரவாரம் கூச்சல். பகட்டு, மினுக்கு, தளுக்கு, ஜிகினா ஆகியவை பளபளப்பைச் சேர்ந்தவை. ஒலியும் ஒளியும் எதிரே இருப்பவரின் காதையும் கண்ணையும் நாடிச் செல்பவை. கேட்பாரும் காண்பாரும் இல்லாவிட்டால் அவற்றுக்கு வேலை இல்லை.

இந்த வரிசையில் தனியே நிற்பது படாடோபம். பாம்பு படத்தை விரித்துப் பருத்துக் காட்டுவதே அதன் நேர்ப்பொருள். படத்தைக் குறிக்கும் வடசொல்லோடு, புடைத்தலைக் குறிக்கும் மற்றொரு வடசொல் சேர்ந்து உண்டானது அது. நஞ்சு இல்லாத பாம்பும் படமெடுத்தே ஆக வேண்டும், நஞ்சு உண்டோ இல்லையோ அந்தப் படமே அச்சுறுத்தப் போதும் என்ற கருத்து பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. தன்னைப் பெரிதாகக் காட்டுபவர் பல வேளைகளில் அஞ்சிக்கொண்டிருப்பவர் என்ற உண்மையை இந்தச் சொல் பல நூற்றாண்டுகளாகச் சுமந்து வருகிறது. இன்றைய வழக்கில் 'படம் காட்டுகிறான்' என்பது திரைப்படத்தை நினைத்துச் சொல்வது. என்றாலும் தமிழில் திரைப்படமும் பாம்பின் படமும் ஒரே ஒலியில் அமைந்துவிட்டதால், பழைய பொருளும் அதற்குள் ஒளிந்திருப்பதுபோல் தோன்றுகிறது.

டம்பம், டாம்பீகம் இரண்டும் தம்பம் என்ற வடசொல்லின் வழியே வந்தவை. ஜம்பத்தையும் டம்பத்தின் பேச்சுத் திரிபாகக் கொள்வதே பொருந்தும். மூலச்சொல்லுக்கு வெளிவேடம், பாசாங்கு என்பதே முதன்மைப் பொருள். பகவத் கீதையின் 16ஆம் அத்தியாயம் அசுரத் தன்மைகளை அடுக்கும்போது இதைத்தான் முதலில் வைக்கிறது. செருக்கும் சினமும் அதற்குப் பின்னரே வருகின்றன. அறநூலின் பாசாங்கு, தமிழ்ப் பேச்சில் செல்வத்தின் வெளிக்காட்டலாக மாறியது. 19ஆம் நூற்றாண்டில் சைதாப்பேட்டை காசி விசுவநாத முதலியார் எழுதிய 'டம்பாச்சாரி விலாசம்' என்ற நாடகம், சொத்தை ஊதாரித்தனத்தில் அழித்த செல்வந்தன் ஒருவனின் கதை. தமிழின் தொடக்ககாலச் சமூக நாடகங்களில் ஒன்றான அது பலமுறை மேடையேறியது. இன்றும் ஊதாரியை 'டம்பாச்சாரி' என்பவர்களில் பலருக்கு அப்படி ஒரு நாடகம் இருந்ததே தெரியாது.

அதிகாரம் மாறும், ஏளனமும் மாறும்

பந்தா பண்ணுபவரை மட்டம் தட்டத் தமிழில் ஒரு நிலையான வாக்கிய அமைப்பு உண்டு: 'பெரிய ... என்று நினைப்பு'. இடையில் வரும் பெயர்தான் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. பெரிய மகாராசா, பெரிய நவாபு, பெரிய ஜமீன்தார், பெரிய துரை, பெரிய கலெக்டர், பெரிய ஹீரோ. இந்த வரிசையைக் கீழிறங்கிப் படித்தால் தமிழகத்தை ஆண்டவர்களின் வரலாறே கிடைக்கிறது. தர்பார் நடத்துதல், ஜபர்தஸ்து ஆகியவை பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தின் எச்சம். மைனர் என்பது சட்டச் சொல். வயது வராத ஜமீன் வாரிசைக் குறித்த அது, கழுத்தில் சங்கிலியும் விரல் நிறைய மோதிரமுமாகத் திரியும் உல்லாசியைக் குறிப்பதாயிற்று. சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. மைனர் செயின் மட்டும் நகைக்கடையில் இன்றும் கிடைக்கிறது.

ஜமீன்களுக்குப் பின் தமிழ் மனத்தை ஆண்டது திரைப்படம். சீன் போடுதல், பில்டப் கொடுத்தல், படம் காட்டுதல் எல்லாம் அதன் கொடை. பந்தாவின் வெறுமையைத் தமிழர்களுக்கு நன்றாகப் புரியவைத்ததும் திரைப்படமே. 2003இல் வந்த 'வின்னர்' படத்தில் வடிவேலு நடித்த கைப்புள்ள, உதாருக்கும் உண்மைக்கும் இடையே உள்ள இடைவெளியை மனித உருவாக்கிக் காட்டிய பாத்திரம். உதார் விடும் நண்பனைக் 'கைப்புள்ள' என்று அழைத்தால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படுவதில்லை.

யாழ்ப்பாணப் பேச்சில் 'எடுப்பு' இந்த வேலையைச் செய்கிறது. 'அவருக்குச் சரியான எடுப்பு' என்றால் தன்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டு திரிகிறார் என்று பொருள். 'லெவல் அடிக்கிறார்' என்பதும் அங்கே வழங்குகிறது. இரண்டுமே உயரத்தைச் சுட்டுபவை. இருக்கும் மட்டத்துக்கு மேலே ஒருவர் தன்னை ஏற்றி வைத்துக்கொள்வதே அங்கே குற்றமாகப் படுகிறது.

இலக்கணம் வகுத்த எல்லை

தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது எப்போது முறை, எப்போது முறைகேடு என்ற கேள்வி தமிழில் பழமையானது. எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றாகத் தொல்காப்பியம் பெருமிதத்தை வைக்கிறது. அது கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கிலிருந்து பிறக்கும் என்றும் வரையறுக்கிறது. நான்குமே ஒருவர் உழைத்தோ துணிந்தோ கொடுத்தோ ஈட்டியவை. பிறப்பால் வந்த குலமோ கையில் இருக்கும் பொருளோ அந்தப் பட்டியலில் இல்லை. போர்க்களத்தில் வீரன் தன் ஆற்றலை எடுத்துரைப்பதை 'நெடுமொழி' என்று புறத்திணை இலக்கணம் தனியே பெயரிட்டு ஏற்றுக்கொள்கிறது. சொன்ன சொல்லை அடுத்த கணமே வாளால் மெய்ப்பிக்க வேண்டிய இடம் அது. அங்கே வெற்றுச் சொல்லுக்கு இடமில்லை.

திருக்குறளில் பெருமை என்ற 98ஆம் அதிகாரம் உண்மையான பெரியவர் பணிவார் என்றும், சிறியவரே தம்மைத் தாமே வியந்து அணிசெய்துகொள்வார் என்றும் பிரித்துக் காட்டுகிறது. 'தன்னை வியத்தல்' என்பதே வள்ளுவர் இதற்கு வைத்த பெயர். பிறர் வியக்க வேண்டியதைத் தானே வியந்துகொள்ளும் செயல் அது. ஜம்பம், பந்தா போன்ற சொற்கள் தமிழுக்கு வருமுன்னரே அவற்றின் பொருள் இங்கே துல்லியமாக அமைந்துவிட்டது.

இன்னும் தெளிவாகப் பேசுவது 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல். எவ்வளவு அரிய நூலை ஆக்கியவராயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று அது விதிக்கிறது. அதனால்தான் நூலாசிரியரைப் பாராட்டும் சிறப்புப்பாயிரத்தை அவருடைய ஆசிரியரோ உடன் படித்தவரோ மாணவரோ உரைகாரரோ எழுத வேண்டும். ஆனால் அதே நூல் நான்கு விலக்குகளையும் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதார் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிரி தன்னைப் பழிக்கும்போது புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இன்று வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர் முதல் விலக்கில் அடங்குகிறார். தகுதியைச் சந்தேகிக்கும் கூட்டத்தில் தன் பட்டங்களைச் சொல்ல நேரும் பெண் அதிகாரி இரண்டாவதிலும் நான்காவதிலும் அடங்குகிறார். தன்னைச் சொல்லிக்கொள்வதும் தம்பட்டம் அடிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு எண்ணூறு ஆண்டுப் பழமையுள்ள சான்று இது.

கெத்து வந்த கதை

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் குடும்பத்தில் பெரிய மாற்றம் கெத்து என்ற சொல்லால் நேர்ந்தது. முன்பு கெத்துக் காட்டுதல் என்றால் அலட்டல், வீறாப்பு என்றே பொருள்பட்டது. இன்றைய இளைஞர்கள் 'செம கெத்து' என்னும்போது மதிப்போடு சொல்கிறார்கள். அந்தக் கெத்தில் மிடுக்கும் அஞ்சாமையும் தன்னம்பிக்கையும் கலந்திருக்கின்றன. பந்தாவுக்கு இந்த ஏற்றம் கிடைக்கவில்லை. 'செம பந்தா' என்பது இன்றும் வசைதான். கெத்து ஒருவரிடம் 'இருக்கிறது', அதைப் பிறரே கண்டு சொல்கிறார்கள். பந்தாவை அவரே காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு சொல் ஏறி மற்றொன்று அங்கேயே நின்றதற்கு இந்த வேறுபாடு காரணமாக இருக்கலாம்.

இந்தச் சொல் நீதிமன்றமும் கண்டது. தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்ற ஏற்பாட்டைத் தமிழக அரசு 2006இல் கொண்டுவந்தது. 2016இல் 'கெத்து' என்ற படம் வந்தபோது அது தமிழ்ச் சொல் இல்லை என்று விலக்கு மறுக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. லட்சக்கணக்கானோர் நாள்தோறும் பேசும் ஒரு சொல், தன் குடியுரிமையை நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது.

யார், யாரைச் சொல்கிறார்கள்

பந்தா, பகட்டு, திமிர் ஆகியவை ஒரு குணத்துக்கு வைத்த பெயர்கள் மட்டுமல்ல. அவை தீர்ப்புகளும்கூட. தீர்ப்பு என்றால் வழங்குபவர் யார் என்று கேட்க வேண்டும்.

'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடைபிடிப்பான்' என்ற பழமொழியைப் பலரும் சிந்திக்காமல் சொல்கிறார்கள். குடை இங்கே மழைக்கானது இல்லை, தகுதியின் அடையாளம். அந்த அடையாளத்தை யார் ஏந்தலாம் என்பதைச் சாதி முடிவுசெய்த காலம் இருந்தது. தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், சாணார் எனப்பட்ட நாடார் சமூகத்தினர் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் பொன் நகை பூணவும் தடை இருந்தது. பெண்கள் தோளை மூடவும் உரிமை இல்லை. தோள்சீலைப் போராட்டம் பல்லாண்டுகள் நடந்த பிறகே, 1859இல், மேலாடை அணிய மன்னரின் ஆணை வந்தது. அது வரை மேலாடை அணிந்த பெண்ணின் செயலை ஆதிக்கக்காரர்கள் திமிர் என்றே அழைத்தார்கள். அவர்கள் பார்வையில் அவள் தன் மட்டத்தை மீறியவள். நம் பார்வையில் அவள் மனுஷி.

நாகசுர மேதை திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்வும் இதையே சொல்கிறது. நாகசுரக் கலைஞர்கள் சட்டை அணியாமல், நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலத்தில் அவர் ஷெர்வானி அணிந்தார், மேடையில் அமர்ந்து வாசித்தார், மற்ற வித்துவான்களுக்குரிய மரியாதையைத் தனக்கும் கேட்டுப் பெற்றார். அதைப் பகட்டு என்றவர்கள் உண்டு. ஆனால் அவர் உயர்த்தியது தன்னை மட்டுமல்ல, ஒரு கலைமரபையே. அம்பேத்கரின் கோட்டும் சூட்டும் அவ்வாறே. காலங்காலமாக நல்லாடை மறுக்கப்பட்டவரின் நல்லாடையில் வெறுமை இல்லை, உரிமை இருக்கிறது.

பெண்கள்மேல் இந்தச் சொற்கள் இன்னும் கூர்மையாகப் பாய்கின்றன. மேனாமினுக்கிக்கு ஆண்பால் இல்லை. ராங்கி பெரும்பாலும் பெண்ணுக்கே ஒட்டப்படுகிறது. எதிர்த்துப் பேசிய ஆண் 'நேர்மையானவர்' ஆகிறார், அதே சொல்லைச் சொன்ன பெண் 'திமிர் பிடித்தவள்' ஆகிறாள். இப்படிச் சொல்லும்போது நாம் அவள் குணத்தை விவரிப்பதில்லை. அவள் எங்கே நிற்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ அதைத்தான் சொல்கிறோம்.

உண்மையான பந்தா எங்கே இருக்கிறது

இந்தச் சொல்லுக்கு உரிய இலக்கு வேறிடத்தில் இருக்கிறது. ராவ் பகதூர், திவான் பகதூர் என்று ஆங்கில அரசு வாரி வழங்கிய பட்டங்களை விடுதலை பெற்ற இந்தியா தொடர விரும்பவில்லை. அரசு பட்டம் வழங்குவதை அரசியல் சட்டத்தின் 18ஆம் உறுப்பு தடுத்தது. படைத்துறை, கல்வித்துறைப் பட்டங்கள் மட்டுமே விலக்கு. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. அதற்கும் முன்பே, 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. சுயமரியாதை வேண்டும் என்றவர்களே பட்டம் வேண்டாம் என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தன்மதிப்பும் தற்பெருமையும் பிரியும் இடம் விளங்கும்.

அமைச்சர்கள், உயர் அதிகாரிகளின் காரில் சுழன்ற சிவப்பு விளக்கு 2017 மே 1 முதல் நாடெங்கும் அகற்றப்பட்டது. விளக்கு போனாலும், தலைவர் கார் போக மக்களின் போக்குவரத்தை நிறுத்தும் வழக்கம் முழுதாகப் போகவில்லை. சாலையை மறைத்து நிற்கும் பேனர்களும் போகவில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், அரசியல் பிரமுகர் ஒருவரின் வீட்டுத் திருமணத்துக்கு வைக்கப்பட்ட பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண்மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி அவர் உயிரிழந்தார். ஒருவர் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் இடம், பிறர் நடக்க வேண்டிய இடமாகவே எப்போதும் இருக்கிறது.

முடிவாக

பந்தா என்ற குற்றச்சாட்டு நிற்பதற்கு மூன்று கூறுகள் சேர வேண்டும் என்று இதுவரை பார்த்தவை காட்டுகின்றன. பார்ப்பதற்கு ஆள் இருக்க வேண்டும். காட்டுவதற்கும் இருப்பதற்கும் இடையே இடைவெளி இருக்க வேண்டும். அந்தக் காட்சி பார்ப்பவரைச் சிறுமைப்படுத்த வேண்டும். இடைவெளி இல்லையென்றால் அது பெருமிதம். சிறுமைப்படுத்தல் இல்லையென்றால் அது அலங்காரமோ கொண்டாட்டமோதான். மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியேனும் பந்தல் போடும் ஏழைத் தகப்பனை டாம்பீகக்காரர் என்று ஏசுவதற்கு முன், அவர் யாரையாவது மிதித்தாரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழில் இத்தனை சொற்கள் இருப்பது, அதிகாரத்தின் பாசாங்கைச் சாதாரண மக்கள் ஓயாமல் கவனித்துவந்ததன் பயன். அவை எளியவர்கள் கையில் இருந்த கருவிகள். அவற்றை வலியவர்களை நோக்கியே பயன்படுத்துவோம். புதிதாகச் சட்டை போட்டவரையும், முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்தவரையும், குரலை உயர்த்திய பெண்ணையும் பார்த்து இந்தச் சொற்கள் நாவில் எழுமானால், சொல்லாமல் நிறுத்திக்கொள்வோம்.